தலைய ஆட்டாதீங்க

இல்லங்க, நீங்க பதில் சொல்லக் கூடாது. வாயவே தொறக்கக் கூடாது. நான் பேசுவேன், நீங்க கேட்டுக்கிட்டுப் படுத்திருக்கணும், அம்புட்டுத்தான். வெளங்குச்சா? அய்யய்யோ, இப்பத்தானே சொன்னேன்! தலைய ஆட்டாதீங்க!

நான்தாங்க, வேலாயி. ஒங்க காதுல மாட்டியிருக்கில்ல, அது வழியாத்தான் என் சத்தம் வருது. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒக்காந்திருக்கேன். முன்னால ஒரு மைக்கு, ஒரு டீவி, பக்கத்துல ஸ்கேன் எடுக்கிற சிங்கள மாத்தையா. அந்தக் குழாய்க்கு வெளிய ஒங்க காலு ரெண்டும் நீட்டிக்கிட்டுத் தெரியுது. தனியா இல்ல நீங்க, சரியா? ஆ... வேணாம், வேணாம். நான் சரியான்னு கேட்டதே தப்பு. இனிமே கேள்வியே கேக்கல.

ஒங்க நெத்தியில கறுப்பும் வெள்ளையுமா கட்டம் போட்ட ஒரு ஸ்டிக்கர் ஒட்டினாங்கள்ல? விபூதிய அழிச்சிட்டாங்கன்னு மொகத்தத் தூக்கி வச்சிக்கிட்டீங்களே, அந்த எடத்துல. உள்ளுக்க ஒரு கமரா இருந்து அதையே பாத்துக்கிட்டு இருக்காம். ஒங்க தல அரிசி மொனையளவு நகந்தாலும் இந்த டீவியில ஒரு பச்சக் கோடு மேல தூக்குது. கொஞ்சமா நகந்தா மிஷினே அதுக்குத் தக்கன சரி பண்ணிக்குமாம். மேல ஒரு செவப்புக் கோடு கெடக்கு, அதத் தாண்டிருச்சின்னா மிஷின் தன்னால நின்னுரும். அப்பறம் மொதல்லருந்து. ஒங்க தாயத்து என் கையிலதான் இருக்கு, இறுக்கிப் புடிச்சிருக்கேன். அதப் பத்தி ரோசன பண்ணாதீங்க.

போன தடவ நாம போன எடத்துல இந்தக் கமரா எல்லாம் இல்ல. அன்னைக்கி என்னா ஆச்சி? அங்க ஸ்கேன் எடுத்த மனுசன் பாவம், ஒங்களுக்குப் பயமா இருக்குமேன்னு நடுவுல நடுவுல ஹொந்தாய் நேதன்னு கேட்டாரு. நல்லாயிருக்கீங்கதானேன்னு கேட்டாரு, அவ்வளவுதான். நீங்க என்னா செஞ்சீங்க? அவரு கேக்கக் கேக்கத் தலைய ஆட்டினீங்க. ஒவ்வொரு தடவையும்! குழாய்க்குள்ள கெடக்கிற ஆள அவருக்குத் தெரியவா போகுது? கடைசியில படத்தப் பாத்தா ஒரே கலங்கல். அவரு தலையில அடிச்சிக்கிட்டாரு. எனக்கு அழுறதா சிரிக்கிறதான்னு தெரியல.

தோட்டத்துக் கங்காணித் தலயாச்சே அது. தொர கேட்டா ஆட்டம், கணக்கப்பிள்ள கேட்டா ஆட்டம், காலையில பேரு கூப்புடுற பெரட்டுல நின்னு யாரு என்னா சொன்னாலும் ஆட்டம். ஆனா லயத்துப் படியேறி வீட்டுக்குள்ள வந்துட்டா ஒங்க தல ஆடாது. அப்ப நாங்க ஆட்டணும். பாருங்க, கோடு தூக்குது. சிரிக்கிறீங்களா, கோவப்படுறீங்களா? ரெண்டும் வேணாம். கோவம்னாலும் வெளிய வந்து பட்டுக்கலாம்.

மாத்தையாவுக்குத் தமிழ் வராது. நான் என்னா பேசுறேன்னு அவருக்குத் தெரியாது. ஆள அசையாம வச்சிக்கிட்டா சரி, என்னமும் பேசும்மாங்கிறாரு. குழாய்க்குள்ள யாரோட சத்தம் கேட்டா பயப்படாம இருப்பீங்கன்னு அவரு ஒங்களக் கேட்டாரே. தொரைய சொல்லுவீங்க, இல்லாட்டி ஒங்க அண்ணன சொல்லுவீங்கன்னு நின்னேன். வேலாயின்னீங்க. கல்யாணம் கட்டி இத்தன வருசத்துல ஏய், இந்தான்னு கூப்பிட்டதுதான். என் பேரு ஒங்களுக்கு ஞாபகம் இருக்குங்கிறதே எனக்கு இன்னைக்கித்தான் தெரியும்.

இருங்க... ஆரம்பிக்குதாம். கையில மருந்து ஏத்துறாங்க, கொஞ்சம் சில்லுன்னு இருக்கும். இதுதான் முக்கியமான படமாம். இந்த மருந்து ஓடுறப்பத்தான் உள்ள இருக்கிறது வெளங்கத் தெரியுமாம். இன்னைக்கி இன்னொரு தடவ ஏத்த மாட்டாங்களாம். அதனால கல்லு மாதிரிக் கெடக்கணும். ஹெல்லென்ன எப்பான்னு அவரும் சொல்லச் சொல்றாரு. ஆடக் கூடாது. தகரத்த அடிக்கிற சத்தம் வருதுல்ல? வரட்டும். நான் கொஞ்சம் சத்தமாப் பேசுறேன்.

காலையில வந்த வழிய நெனச்சிக்கங்க. நானுஓயா வளைவுல எதுத்தாப்புல லொறி வந்தப்ப நான் கண்ண மூடிட்டேன். நீங்க மூடல. வேன் ஓட்டின அந்தத் தம்பி எப்பிடி ஒடிச்சிக் கொண்டு போச்சி பாத்தீங்களா? நல்ல கைடா ஒனக்குன்னு அதுக்கிட்ட சொன்னீங்க. எனக்குத் தெரிஞ்சி நீங்க ஒரு டிரைவர மெச்சினது இதுதான் மொத தடவ. பேரு என்னாடான்னு கேட்டீங்க. அது கொஞ்சம் முழிச்சிச்சி. நான்தான் பின்னாலருந்து சின்னராசான்னு சொன்னேன்.

இங்க வந்தா சக்கர வண்டி இல்ல. எந்தப் பக்கம் தேடியும் கெடைக்கல. ஒங்களுக்கு நின்னாக்கா கிறுகிறுங்குது. அந்தத் தம்பிதான் குனிஞ்சி முதுகக் காட்டிச்சி. படி பூராவும் ஒங்களத் தூக்கிக்கிட்டு ஏறிச்சி. அப்ப அதோட காதுக்கிட்ட நீங்க என்னா சொன்னீங்க? இப்பிடி ஒரு பய வீட்டுல இருந்தா எனக்கு என்னா கவலடான்னீங்க. நான் பின்னால பைய வச்சிக்கிட்டு வந்தேன், கேட்டுச்சி எனக்கு. அதுக்கும் கேட்டுச்சி. அது மூக்க உறிஞ்சிக்கிச்சி, மூச்சு வாங்குதுன்னு நீங்க நெனச்சீங்க.

கோடு நல்லா நேராப் போகுதுங்க. இப்பிடியே இருங்க. மாத்தையா வெரலக் காட்டுறாரு, நல்லாப் போகுதாம்.

நேத்துப் பெரிய டொக்டர் என்னைய மட்டும் கூப்பிட்டுப் பேசினாருல்ல. வெளிய வந்தப்பறம் என்னா சொன்னாரு, என்னா சொன்னாருன்னு துருவித் துருவிக் கேட்டீங்க. ஒண்ணுமில்லன்னேன். இருக்குங்க. ஏதோ கட்டியாம். அதனாலதான் மலையில கொழுந்து நிறுக்கையில இழுத்துக்கிட்டு விழுந்தீங்களாம். அது எங்கன இருக்கு, எம்புட்டு ஆழத்துல இருக்குன்னு இந்தப் படம்தான் சொல்லணும். படம் சுத்தமா வந்துச்சின்னா எடுத்துரலாங்கிறாரு. கலங்கினா கை வைக்க மாட்டாராம். எடுத்தாலும் கொஞ்ச நாளைக்கிப் பேச்சு வராம இருக்கலாமாம், ஆளு அடையாளம் தெரியாமக்கூடப்...

ஐயோ. ஐயோ, தாண்டிருச்சிங்க! செவப்பத் தாண்டிருச்சி! நின்னுருச்சி மிஷின்.

இருங்க, இருங்க. எந்திரிக்காதீங்க. கைய எடுக்காதீங்க. என் தப்புத்தான், இப்பப் போயி அத சொல்லிருக்கக் கூடாது, எனக்குத்தான் புத்தியில்ல. சமாவெலா மாத்தையா, சமாவெலா, மன்னிச்சிக்கங்க... ஆமா, மம கியன்னங், நான் சொல்றேன்... அவரு ஏசலீங்க. மருந்து இன்னும் ஒடம்புல ஓடுதாம். ஒடனே திரும்ப எடுத்தா வருமாம். ஒரே ஒரு தடவதானாம். அவரு என்னமோ தட்டிக்கிட்டு இருக்காரு, அது முடியுறவரைக்கும் மூச்ச மெதுவா இழுத்து விடுங்க. மெதுவா. எனக்கும் பயமா இருக்குங்க. பயமில்லாமலா இப்பிடிப் பேசிக்கிட்டே இருக்கேன்? இந்தத் தாயத்து என் உள்ளங்கையில குத்தி நிக்கிது. நீங்க எனக்கு வேணும். ஏசினாலும் எறிஞ்சாலும் நீங்க வேணும், போதுமா?

எறங்குது கோடு. ஆமா. அப்பிடித்தான்.

ஒங்க தலைய நெனச்சாத்தான் எனக்கு இன்னைக்கிக் காலையிலருந்து ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வருது. சொல்லவா? கேக்கக் கூடாதுல்ல நான். சொல்றேன். பீலிக்கரை. அன்னைக்கி நீங்க பீலிக்கரைக்குப் போனீங்களே. நம்ம மக பிரேமினி அந்த மாதா கோயில் வேதக்காரப் பயலக் கட்டிக்கிச்சின்னு சேதி வந்த அன்னைக்கி. மழையின்னா மழை. ஒருத்தரும் தண்ணிக்கு வரல. நீங்க வாளிய எடுத்துக்கிட்டு எறங்கினீங்க. லயத்துச் சனமெல்லாம் வாசல்ல நின்னு பாக்குது. தண்ணி கொட்டுற பீலிக்கி அடியில தலையக் குடுத்துக்கிட்டு நின்னீங்க. பெத்த மகள தலமுழுகிட்டேன்னு கத்தினீங்க. அது அனுப்பின கல்யாணப் போட்டோவப் பிரிச்சிக்கூடப் பாக்கல, கவரோட நாலாக் கிழிச்சி அந்தத் தண்ணியிலயே விட்டீங்க.

அவன் மொகம் எப்பிடியிருக்கும்னு ஒங்களுக்குத் தெரியாது. பூண்டுலோயாப் பக்கம், அம்புட்டுத்தான் தெரியும். மக பேரயே இந்த வீட்டுல எடுக்கக் கூடாதுன்னீங்க. நான் அன்னைக்கும் தலைய ஆட்டினேன். ஆட்டாம என்னா செய்ய? எதுத்து ஒரு சொல்லு பேசினா சட்டிப்பானை பறக்கும். இந்தா, கோடு லேசா அசையிது. பல்லக் கடிக்கிறீங்கள்ல? கடிக்காதீங்க, அதுவும் கமராவுக்குத் தெரியிது. பேரச் சொல்லிட்டேன், ஆமா. வெளிய வந்து என்னைய அடிங்க. இப்ப முடியாதே. இப்ப ஒங்களால ஒண்ணும் முடியாது, நான் பேசுறதக் கேக்கத்தான் முடியும். இப்பிடி ஒரு நாளு எனக்குக் கெடைக்கும்னு நான் கனாக்கூடக் கண்டதில்ல.

சரி, சரி. திரும்ப ஆரம்பிக்குதாம். வேற பேச்சுப் பேசுவோம். இதுதான் கடைசித் தடவ, மறந்துறாதீங்க. கண்ண மூடிக்கங்க. சத்தம் வருது.

மழையப் பத்திப் பேசவா? கொழுந்து இந்த மாசம் நல்லாத்தான் வருதாம். ஒங்க எடத்துல வேற கங்காணி நிக்கிறாரு. பொம்பளைங்க எல்லாம் கேக்குறாங்க, ஒங்க கங்காணியாரு எப்ப வருவாரு, இவருக்கு ஏசக்கூடத் தெரியலையேன்னு. நான் என்னா சொன்னேன்? வருவாருன்னேன். வந்து எல்லாருக்கும் சேத்து ஏசுவாருன்னேன்.

நேராப் போகுது. நல்ல மனுசன்.

வெள்ளிக்கெழமையில நான் ஹட்டன் கோயிலுக்குப் போவேன்ல. போயிட்டு வாறப்ப ஏன் இம்புட்டு நேரம்னு கேப்பீங்க. பஸ் இல்லன்னு சொல்லுவேன். பஸ் இருக்குங்க. எப்பவும் இருக்கு. நான்தான் கோயில் முடிஞ்சி டிக்கோயா வரைக்கும் ஒரு எட்டு... வேணாம். அப்பறம் சொல்றேன். தூக்குது. சும்மா, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. கோயில்ல ஒங்க பேருக்குத்தான் அர்ச்சன பண்ணுவேன். இங்க பாருங்க, என் நெத்தியெல்லாம் வேர்த்து ஊத்துது, குளுர்ல ஒக்காந்துக்கிட்டு. வாய மூடிக்கிறேன். நீங்க நல்லாக் கெடங்க. நான் மூச்சு விடுற சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டுக் கெடங்க.

இன்னும் கொஞ்சம்தானாம்.

சாமி, சாமி, சாமி.

நின்னுருச்சில்ல சத்தம்? நின்னுருச்சிங்க! மாத்தையா கையத் தூக்கிக் காட்டுறாரு. ஹரியாம்! எல்லாம் எடுத்தாச்சாம், படம் தெளிவா வந்திருக்காம். எம்மாடி... கெட்டிக்காரருங்க நீங்க.

பொறுங்க, எந்திரிக்கப் பாக்காதீங்க. இன்னும் கட்டில வெளிய இழுக்கல. இழுக்காதீங்க, கொஞ்ச நேரம் குடுங்கன்னு நான்தான் மாத்தையாக்கிட்டக் கும்புட்டுக் கேட்டேன். கமரா ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. ஒங்க கோடு எம் முன்னாலதான் இருக்கு. இங்கருந்து ஒங்கள நேரா அம்புலன்ஸ்ல ஏத்திக் கண்டிக்கிக் கொண்டு போறாங்க. கூட ஒரு ஆளுதான் வரலாமாம். நாளைக்கிக் காலையிலயே ஒப்பரேஷனாம். வெளிய எடுத்துட்டா நீங்க என்னையப் பேச விட மாட்டீங்க. அதனால இப்பச் சொல்லிர்றேன்.

அந்த டிரைவர் தம்பி பேரு சின்னராசான்னு சொன்னேன்ல, அது பொய்யில்ல. அவங்க வீட்டுல அப்பிடித்தான் கூப்புடுவாங்க. ஞானஸ்நானத்துல வச்ச பேரு றிச்சர்ட்.

தூக்குது. தூக்குது... செவப்பத் தாண்டிருச்சி. தாண்டட்டும். இப்பத் தாண்டலாங்க, இனி எதுவும் கெட்டுப் போகாது. நல்லாத் தாண்டட்டும். ஆமா, அவன்தான். ஒங்க மருமகன் முதுகுலதான் ஏறி வந்தீங்க. வேன் அவனோடதுதான். வான்னு நான் கூப்புடல, சேதிதான் சொன்னேன், அவன் வந்தான்.

பிரேமினி வெளிய வாங்குல ஒக்காந்திருக்கு. விடியக்காலையில மொத பஸ்ல ஏறி வந்துருச்சி. நீங்க படியில ஏறி வாறப்ப தூணுக்குப் பின்னால நின்னு பாத்துச்சி, ஒங்க கண்ணுல பட்டுறக் கூடாதுன்னு. மடியில ஒரு பொம்பளப் புள்ள. ஒங்க பேத்தி. கேத்ரின்னு பேரு. எனக்கு அது வாயில நொழையாது, குட்டின்னுதான் கூப்புடுவேன். வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம நான் அதப் பாக்கத்தான் போவேன். எதக் கேட்டாலும் வேணாம்னு தலைய ஆட்டும். சோறு வேணுமா, ஆட்டம். தூங்குறியா, ஆட்டம். அச்சு அசலா கங்காணிதான். நான் அதப் பாத்துப் பாத்துச் சிரிப்பேன், பிரேமினி அழும்.

நான் கெஞ்சலீங்க. கெஞ்சி அலுத்துருச்சி எனக்கு. நீங்க ஆமான்னு சொல்ல வேணாம், ஒங்க வாயில அது வராதுன்னு எனக்குத் தெரியும். தலமுழுகினேன்னு ஊரு கேக்கக் கத்தினவரு எப்பிடிக் கூப்புடுவீங்க? அதனால கூப்புட வேணாம். வேணாம்னா மட்டும் தலைய ஆட்டுங்க. ஒரே ஒரு தடவ, இம்புட்டுக்காணும் ஆட்டினாப் போதும். கமரா பாத்துரும், கோடு தூக்கும். நான் எந்திரிச்சிப் போயி ரெண்டையும் அவன் வேன்லயே ஏத்தி விட்டுட்டு வந்துருவேன். அப்பறம் அந்தப் பேர எடுக்க மாட்டேன், சத்தியமா. படம் எடுத்து முடிஞ்சிருச்சி. மாத்தையா ஏச மாட்டாரு. நல்லா ஆட்டலாம். நாளைக்கி யாராச்சும் கேட்டா, ஸ்கேன்ல ஆடக் கூடாதுன்னாங்க, அதான் சும்மா கெடந்தேன்னு சொல்லிக்கங்க. நான் காட்டிக் குடுக்க மாட்டேன்.

பாத்துக்கிட்டு இருக்கேன்.

நேரா இருக்கு.

இன்னும் நேராத்தான் இருக்கு. ஹெல்லுனாத மாத்தையா? அசைஞ்சாரா? இல்லையாம். கொஞ்சங்கூட இல்லையாம்.

ஒங்க கண்ணோரத்துலருந்து காதுப் பக்கமா தண்ணி எறங்குதுங்க, டீவியில தெரியுது. அத கமரா ஆட்டமுன்னு கணக்கெடுக்காதாம். அழுங்க. நல்லா அழுங்க.

பிரேமினி! ஏ பிரேமினி, கதவத் தொறந்துக்கிட்டு உள்ள வா ஆயி. புள்ளையத் தூக்கிக்க. காதுல கெடக்கிற தோட்டக் கழட்டிட்டு வா, இங்க நகை நட்டு ஆகாதாம். என்னா அங்கயே நிக்கிற? பயப்படாம வா. அப்பா தலைய ஆட்டல.